பரண்ல கிடக்கும் லேப்டாப்பும் 'ஃபார்மட்' பட்டனும்

1/ இன்னைக்கு மருந்து மாத்திரை இல்ல, கம்ப்யூட்டர் டிஸ்க் பத்தின ஒரு சின்ன வரலாறு. எங்க வாலாஜாபாத் பக்கம் பல வீட்டுப் பரண்ல ஒரு பழைய அரசு லேப்டாப் கிடக்கும். உங்க வீட்லயும் இருந்தா, எடைக்குப் போடறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

2/ தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. எல்காட் மூலம் வந்த அந்த லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இரண்டுமே இருந்தன. ஒரே டிஸ்க்ல ரெண்டு குடித்தனம்.

3/ எந்த ஃபைல் டிஸ்க்ல எங்க இருக்குன்னு கணக்கு வைக்கிற முறைதான் ஃபைல் சிஸ்டம். விண்டோஸுக்கு என்டிஎஃப்எஸ், 1993ல் விண்டோஸ் என்டியோடு வந்தது. லினக்ஸுக்கு ஈஎக்ஸ்டி வகை. லினக்ஸ் கணக்கை யார் வேணும்னாலும் படிக்கலாம். என்டிஎஃப்எஸ்ஸின் முழு விவரத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிடவில்லை.

4/ அதனால லினக்ஸ்காரங்க 1990களிலிருந்தே கேஸ் ஷீட் இல்லாத நோயாளியைப் பரிசோதிக்கிற மாதிரி, அறிகுறிகளை வச்சே அதைக் கண்டுபிடிச்சாங்க. படிக்க வந்தது, எழுதப் போனா ஆபத்து. ஹங்கேரியைச் சேர்ந்த சபோல்ச் சகாசிச் 2006ல் என்டிஎஃப்எஸ்-3ஜியைக் கொண்டு வந்தார். 2007 பிப்ரவரியில் நிலையான பதிப்பு. லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிஸ்க்ல நம்பி எழுத முடிஞ்சது.

5/ வேடிக்கை என்னன்னா, பூட்டின வீட்டை வெளியாள் திறந்துட்டாங்க. திறந்து கிடந்த வீட்டுக்குள்ள விண்டோஸ் எட்டிக்கூடப் பார்க்கல. விண்டோஸ்ல லினக்ஸ் டிஸ்க்கைத் திறக்க மேட் வூ எழுதிய எக்ஸ்ட்2எஃப்எஸ்டி மாதிரி வெளி மென்பொருள்தான் கதி. டபிள்யூஎஸ்எல் வழியா அதைத் திறக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் அறிமுகப்படுத்தியது 2020ல்தான்.

6/ ரெண்டுக்கும் பொதுவா இருந்தது ஃபேட்32. ரத்தத்துல ஓ நெகட்டிவ் மாதிரி, கிட்டத்தட்ட எல்லாருக்கும் சேரும். ஆனா ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட்டா ஏறாது. 2006ல் வந்த எக்ஸ்ஃபேட் அந்தத் தடையை நீக்கியது. அதன் விவரக்குறிப்பை மைக்ரோசாஃப்ட் எல்லாருக்கும் திறந்தது 2019ல். 2021ல் பாராகான் நிறுவனம் எழுதிக் கொடுத்த என்டிஎஃப்எஸ் டிரைவர் லினக்ஸ் 5.15லேயே சேர்ந்தது.

7/ இதெல்லாம் இப்ப எதுக்கு டாக்டர்னு கேப்பீங்க. லினக்ஸ் டிஸ்க்கை விண்டோஸ்ல சொருகினா சில நேரம் அந்தப் பகுதி கண்ணுக்கே தெரியாது. சில நேரம் "ஃபார்மட் பண்ணட்டுமா"ன்னு கேட்கும். அது "உள்ளே ஒண்ணும் இல்ல"ன்னு அர்த்தமில்ல. "எனக்கு இந்த மொழி தெரியல"ன்னு அர்த்தம். நோயாளி பேசற மொழி டாக்டருக்குப் புரியலன்னா, நோயாளிக்குச் சொல்ல ஒண்ணுமில்லன்னு ஆயிடுமா?

8/ அதனால,
👉 ஃபார்மட் கேட்டா 'வேண்டாம்' கொடுங்க.
👉 பென் டிரைவ்ல லினக்ஸ் ஏத்தி, அதுல கம்ப்யூட்டரை ஓட்டிப் பாருங்க.
👉 டிஸ்க்கை 'படிக்க மட்டும்' முறையில் திறந்து, முதல்ல எல்லாத்தையும் வேற டிஸ்க்குக்கு நகல் எடுங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

9/ பொண்ணோட பிளஸ் டூ போட்டோ, அப்பா போட்டு வச்ச பட்டுச்சேலை டிசைன், தாத்தாவோட பழைய ஸ்கேன் படம், எது வேணும்னாலும் அதுக்குள்ள இருக்கலாம். திறக்கிற சாவியை யாரோ வருஷக்கணக்கா உட்கார்ந்து செஞ்சு இலவசமா வச்சிருக்காங்க. அவசரப்பட்டு அழிச்சிடாதீங்க.