பயத்தைப் பயத்தால் வெல்ல முடியுமா? தடுப்பூசிப் பரப்புரையும் தமிழ்நாட்டு அனுபவமும்

1. சிக்கல்

தடுப்பூசியை எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் ஒரே கருவியைத்தான் கையில் எடுக்கிறார்கள். ஒரு தரப்பு ஊசியைக் காட்டிப் பயமுறுத்துகிறது; மறுதரப்பு நோயைக் காட்டிப் பயமுறுத்துகிறது. பெற்றோரின் தயக்கம் அறியாமையில் பிறந்தது, அதைவிடப் பெரிய பயம் ஒன்றைக் காட்டினால் அது விலகிவிடும் என்பது பொதுச் சுகாதாரத் துறையில் நெடுநாளாக வேரூன்றிய எண்ணம். இக்கட்டுரை அதை மறுக்கிறது. புகைபிடித்தலுக்கு எதிரான பரப்புரையில், செய்யச் சொல்லும் செயலைக் கண்டு, அதாவது புகையை விடுவதைக் கண்டு, யாரும் பயப்படுவதில்லை. தடுப்பூசியில் செய்யச் சொல்லும் செயலே பயத்துக்குரியதாக இருக்கிறது. அதனால் இங்கே கிளப்பிவிடும் பயம் நோயின் பக்கமே நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தமிழ்நாட்டில் 2008, 2017, 2021 ஆகிய ஆண்டுகளில் நடந்தவை இவ்வாதத்துக்கு ஆதாரமாக இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

2. பயமூட்டல் பற்றிய ஆய்வுகள்

பயமூட்டலை முதலில் சோதனைக்கு உட்படுத்தியவர்கள் ஜானிஸ், ஃபெஷ்பேக் என்ற உளவியலாளர்கள். பல் பராமரிப்பு குறித்து 1953இல் வெளியான அவர்களது ஆய்வில், அதிகம் பயமுறுத்தப்பட்ட மாணவர்களே அறிவுரையைக் குறைவாகப் பின்பற்றினார்கள். நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது 1965இல் லெவந்தாலும் அவரது சகாக்களும் யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்திய டெட்டனஸ் தடுப்பூசி ஆய்வு. கடும் பயமூட்டிய கையேடு மாணவர்களின் மனப்போக்கை மாற்றியது. ஆனால் ஊசி போட்டுக்கொள்ள யார் போனார்கள் என்பதைத் தீர்மானித்தது பயத்தின் அளவு அல்ல. சுகாதார மையத்தின் வரைபடத்தைக் கொடுத்து, எப்போது போகலாம் என்று திட்டமிடச் சொன்ன குழுவில் 28 விழுக்காட்டினர் ஊசி போட்டுக்கொண்டார்கள். அந்த வழிகாட்டுதல் கிடைக்காதவர்களில் 3 விழுக்காட்டினர் மட்டுமே.

இதற்கு எதிரான சான்றும் வலுவானதே. டானன்பாமும் அவரது குழுவினரும் 2015இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, பயமூட்டல் பொதுவாகப் பலன் தருகிறது என்று முடிவு செய்தது. தினமும் திரும்பத் திரும்பச் செய்யவேண்டிய பழக்கங்களைவிட ஒருமுறை செய்து முடிக்கும் செயல்களில் அதன் பலன் கூடுதல் என்றும் கண்டது. தடுப்பூசியும் அப்படிப்பட்ட செயல்தானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் குழந்தைகளுக்கான தடுப்பூசியில் முடிவெடுப்பவர் ஒருவர், ஊசியைத் தாங்குபவர் மற்றொருவர். அதுவும் நோய்வாய்ப்படாத குழந்தை. ஒன்றும் செய்யாமல் விட்டு வரும் தீங்கைவிட, தானே செய்து வரும் தீங்கு மனிதருக்குப் பெரிதாகப் படுகிறது என்பதை ரிட்டோவ், பாரன் ஆகியோர் 1990இல் தடுப்பூசியையே எடுத்துக்காட்டாகக் கொண்டு நிறுவினார்கள். 'நானே கொண்டுபோய் ஊசி போட்டுக் கெடுத்துவிட்டேனே' என்று தாய் அஞ்சுவதன் உளவியல் இதுதான்.

இதை நேரடியாகச் சோதித்தது 2014இல் நைஹானும் பிறரும் 1,759 அமெரிக்கப் பெற்றோரிடம் நடத்திய ஆய்வு. தடுப்பூசி போட்டிருந்தால் வராத நோய்களால் வாடும் குழந்தைகளின் படங்களைப் பார்த்த பெற்றோரிடம், தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு உண்டு என்ற நம்பிக்கை கூடியது. தட்டம்மையால் சாவின் விளிம்புவரை போன குழந்தையின் கதையைப் படித்தவர்களிடம் கடும் பக்கவிளைவு வரும் என்ற எண்ணம் கூடியது. சோதிக்கப்பட்ட நான்கு வகைச் செய்திகளில் ஒன்றுகூட ஊசி போடும் எண்ணத்தை உயர்த்தவில்லை. நோயின் மேல் ஏவிய பயம் ஊசியின் மேல் போய் விழுந்திருக்கிறது.

3. திருவள்ளூர், 2008

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் கிராமங்களுக்கே சென்று ஊசி போடும் முறையைத் தமிழ்நாடு அரசு கைவிட்டு, மருத்துவர் இருக்கும் சுகாதார நிலையங்களுக்குத் தடுப்பூசிப் பணியை மாற்றியது. குழந்தைகளின் பாதுகாப்பை எண்ணி எடுத்த முடிவு அது. ஆனால் கிராம சுகாதாரச் செவிலியர் ஊருக்கே வந்து போட்ட ஊசி, ஒருநாள் கூலியை இழந்து பேருந்து ஏறிப்போய்ப் போட வேண்டியதாக மாறியது.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 12 முதல் 23 மாத வயதுக் குழந்தைகளில் முழுமையாகத் தடுப்பூசி பெற்றவர்களின் விகிதம் தமிழ்நாட்டில் 2005-06இல் ஏறத்தாழ 81 விழுக்காடு. 2015-16இல் அது 70 ஆகக் குறைந்தது. 2019-21இல் 89 ஆக உயர்ந்தது. இந்த இறக்கத்துக்கு ஒற்றைக் காரணம் கற்பிப்பது தவறு. ஆயினும் எழுத்தறிவும் மருத்துவக் கட்டமைப்பும் வளர்ந்துகொண்டிருந்த பத்தாண்டில் இந்த இறக்கம் நேர்ந்தது என்பதால், தயக்கம் முழுவதையும் அறியாமையின் கணக்கில் எழுதிவிட முடியாது. இங்கே பயத்துக்கு ஒரு நிகழ்வு இருந்தது. போய்வரும் தூரம் அந்தப் பயத்துக்குத் துணைநின்றது. யேல் ஆய்வு வரைபடத்தின் வழியே காட்டியதைத் தமிழ்நாடு எதிர்த்திசையில் காட்டியது என்பது என் கருத்து.

4. தட்டம்மை-ரூபெல்லா முகாம், 2017

2017 பிப்ரவரியில் தொடங்கிய தட்டம்மை-ரூபெல்லா முகாமில், ஒன்பது மாதம் முதல் 15 வயதுவரை தமிழ்நாட்டில் சுமார் 1.76 கோடிப் பேருக்கு ஊசி போடத் திட்டமிடப்பட்டது. சில நாட்களிலேயே வாட்ஸ்அப்பில் வதந்திகள் பரவின. ஊசி போடும் நாளில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் பெற்றோர் வீட்டில் நிறுத்திக்கொண்டார்கள். முகாமை மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்க நேர்ந்தது.

பழி முழுவதும் வாட்ஸ்அப்பின் மேல் விழுந்தது. வதந்தி பரவியது உண்மை; ஆனால் அது வந்து நிரப்பிய வெற்றிடம் முன்பே இருந்தது. 'என் பிள்ளைக்கு ஏற்கெனவே தனியார் மருத்துவமனையில் போட்டாயிற்றே, மறுபடியும் எதற்கு?' என்று பெற்றோர் கேட்டதில் தவறில்லை. முன்பு போட்டிருந்தாலும் அனைவருக்கும் ஒரே சமயத்தில் போடும்போதுதான் சமூகத்தில் கிருமியின் சுழற்சி அறுபடும், கூடுதல் தவணையால் கேடில்லை என்பது அதற்கான விடை. எளிய விடைதான், வதந்தி வருமுன் அது வீடு போய்ச் சேரவில்லை. ரூபெல்லா என்ற பெயரைப் பல பெற்றோர் அப்போதுதான் கேள்விப்பட்டார்கள். கருவுற்ற பெண்ணைத் தாக்கினால் சிசுவின் கண், காது, இதயம் ஆகியவற்றைப் பாதிக்கும் நோய் அது. பெயரே தெரியாத நோயைச் சொல்லிப் பயமூட்ட முயன்றால், தெரிந்த ஊசியின் பயமே மிஞ்சும்.

5. பெருந்தொற்றுக் காலம்

2020இல் பயம் அரசுப் பரப்புரையின் வெளிப்படையான கருவியானது. சென்னையில் காவல் அதிகாரி ஒருவர் கொரோனா கிருமி வடிவத் தலைக்கவசம் அணிந்து வாகன ஓட்டிகளை மறித்தார். திருப்பூர் மாவட்டத்தில், ஊரடங்கை மீறிய இளைஞர்களை நோயாளியாக நடித்தவர் இருந்த ஆம்புலன்சில் ஏற்றும் காணொளியைக் காவல்துறை வெளியிட்டது. பலரும் சிரித்து ரசித்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில், தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் ஒரு கும்பல் தாக்கியது. ஒன்றுக்கு மற்றொன்று நேர்க் காரணம் என்று நான் சொல்லவில்லை. நோயாளியைப் பேயாகக் காட்டும் மொழியும் நோயாளியின் உடலை விரட்டும் கையும் ஒரே சூழலில் விளைந்தவை என்கிறேன்.

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை அரசு மருத்துவமனையில் பொதுமக்களை ஊக்குவிக்கும் நோக்கில் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி காலமானார். இதயக் குழாய் அடைப்பே காரணம், தடுப்பூசிக்குத் தொடர்பில்லை என்று மருத்துவர்களும் அதிகாரிகளும் உடனே சொன்னார்கள். அது சரியான கூற்றே. ஆனால் மத்திய அரசின் தடுப்பூசிப் பக்கவிளைவு ஆய்வுக் குழுவின் முடிவு அக்டோபரில்தான் வெளிவந்தது. உடனடி மறுப்புக்கும் முறையான முடிவுக்கும் இடைப்பட்ட ஆறு மாதங்கள் ஊகத்துக்கு விடப்பட்டன. 'இன்னது தெரியும், இன்னது ஆராயப்படுகிறது, இந்தக் குழு இந்த நாளுக்குள் சொல்லும்' என்ற மூன்று வாக்கியங்கள் அந்த இடைவெளியைச் சுருக்கியிருக்கும்.

6. ஒரு மறுப்புக்கு விடை

பக்கவிளைவை வெளிப்படையாகப் பேசினால் தயக்கம் கூடாதா என்று சுகாதார அலுவலர்கள் கேட்பதுண்டு. கூடும், அதை மறைக்கத் தேவையில்லை. டென்மார்க், அமெரிக்க மக்களிடம் பீட்டர்சன் குழுவினர் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், கோவிட் தடுப்பூசியின் பாதகமான கூறுகளை ஒளிக்காமல் சொன்னபோது ஊசியை ஏற்கும் மனம் சற்றுக் குறைந்தது. சுகாதார அமைப்பின் மீதான நம்பிக்கையோ உயர்ந்தது. மழுப்பலாகப் பேசியது ஏற்பையும் உயர்த்தவில்லை, நம்பிக்கையையும் குறைத்தது. ஒரு முகாமின் இலக்கை மட்டும் பார்ப்பவருக்கு வெளிப்படைத்தன்மை நட்டமாகத் தெரியலாம். தடுப்பூசித் திட்டமோ ஒரே முகாமுடன் முடிவதில்லை. அடுத்த ஊசிக்கும் அதே தாய்தான் வரவேண்டும்.

இதற்குப் பிலிப்பைன்ஸ் கசப்பான சான்று. அங்கு எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு டெங்கு தடுப்பூசி போடப்பட்ட பிறகு, முன்பு டெங்கு வராதவர்களுக்கு அது நோயின் கடுமையைக் கூட்டலாம் என்று தயாரிப்பு நிறுவனமே 2017 நவம்பரில் அறிவித்தது. அந்த ஊசியோடு மற்றத் தடுப்பூசிகளின் மீதான நம்பிக்கையும் சரிந்தது. 2019இல் அந்நாடு பெரும் தட்டம்மைப் பரவலைச் சந்தித்தது.

7. முடிவுரை

நோயின் கொடுமையைச் சொல்லக்கூடாது என்பது இக்கட்டுரையின் முடிவல்ல. சொல்லும்போது எங்கே போவது, என்ன நேரலாம், நேர்ந்தால் யாரை அழைப்பது என்ற மூன்றும் உடன்வர வேண்டும். பள்ளி வழியாக வீட்டுக்குப் போகும் சீட்டில் எதிர்பார்க்கத்தக்க காய்ச்சலும் வீக்கமும், அழைக்கவேண்டிய தொலைபேசி எண்ணும் எளிய தமிழில் இருக்க வேண்டும். பக்கவிளைவு ஆய்வுக் குழுக்களின் முடிவுகள் காலவரையறைக்குள் தமிழிலேயே வெளிவர வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியருக்குப் பதிவேடு எழுதும் சுமையைக் குறைத்து, தாயின் கேள்விக்கு உட்கார்ந்து விடை சொல்லும் நேரத்தைத் தர வேண்டும். தயங்கும் பெற்றோரை மேலும் பயமுறுத்துவது செலவு குறைந்த வழியாகத் தோன்றலாம். தமிழ்நாட்டின் இந்த மூன்று அனுபவங்களும் அதற்கு மாறாகவே சாட்சி சொல்கின்றன.