அம்புலிமாமா ஓவியர் கே. சி. சிவசங்கரன்: ஒரு வரலாற்று நோக்கு

தமிழ்ச் சிறுவர் இலக்கிய வரலாற்றை எழுதியோர் கவிஞர்களையும் கதாசிரியர்களையும் பதிப்பாளர்களையுமே பெரிதும் போற்றியுள்ளனர். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பருவத்துக் குழந்தை முதலில் வாசிப்பதோ படத்தைத்தான். எனினும், அப்படத்தை வரைந்தவர் வரலாற்றில் அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகிறார். இக்குறையைக் கருத்திற்கொண்டு, ஓவியர் கே. சி. சிவசங்கரனின் பணியை இங்கு நோக்குவோம்.

1924ஆம் ஆண்டு சூலை 19ஆம் நாள் கொங்கு நாட்டில் பிறந்த சிவசங்கரன், தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக விளங்கிய சென்னை அரசினர் ஓவியப் பள்ளியில் பயின்றவர். கலைமகள் நிறுவனத்தில் பணியாற்றியபின், 1950களின் தொடக்கத்தில் பி. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் நடத்திவந்த சந்தமாமா நிறுவனத்தில் சேர்ந்தார். 1947 சூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கப்பெற்ற அவ்விதழின் தமிழ்ப் பதிப்பே 'அம்புலிமாமா'. அதில் 'சங்கர்' என்னும் ஒப்பத்துடன் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அவர் வரைந்தார்.

அவரை நிலைபெறச் செய்தது விக்கிரமன் வேதாளக் கதை ஓவியமாகும். உருவிய வாளுடன், தோளில் பிணத்தைச் சுமந்து நடக்கும் மன்னனை அறியாத அம்புலிமாமா வாசகர் இலர். மரபில் வழங்கியவை இருபத்தைந்து கதைகளே. இதழோ அச்சட்டத்துள் புதிய கதைகளைப் பல்லாண்டுகள் புனைந்து தந்தது. கதைகள் மாதந்தோறும் மாறின; ஓவியம் நிலைத்தது. தொடரின் ஒருமையைக் காத்ததில் எழுத்துக்கு நிகரான பங்கு ஓவியத்துக்கும் உண்டு என்பது இதனால் பெறப்படும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. பல மொழிகளில் வெளிவந்த அவ்விதழில் உரை மாறினும் ஓவியம் பொதுவாகவே இருந்தது. ஆகவே, எம்மொழிக் குழந்தையும் தன்னதெனக் கொள்ளத்தக்க பொதுவான பழமை உலகொன்றை ஓவியர் படைக்க வேண்டியிருந்தது எனக் கருத இடமுண்டு. அரண்மனையும் ஆசிரமமும் அடர்காடும் அவ்வுலகின் களங்களாயின. அதன் வலிமையும் எல்லையும் இதுவே. இரப்பர்த் தோட்டத்து லயத்தில் வளர்ந்த மலேசியத் தமிழ்க் குழந்தை அதில் தன் முன்னோரின் கதைமரபைக் கண்டிருக்கலாம்; தன் வீட்டையும் பால்மரத்தையும் கண்டிருக்க இயலாது. 1979இல் வெளிவந்த லாட்டின் 'கம்போங் பாய்', பேராக் மாநிலச் சிற்றூர் வாழ்வை ஒரு சிறுவனின் பார்வையில் சித்திரமாக்கியது. தோட்டப்புறத் தமிழ்ச் சிறுவனை அவ்வாறு வரைந்து நிலைநிறுத்தியவர் யாவர் என்னும் வினாவை நாம் எழுப்பியாக வேண்டும்.

இவ்வினாவுக்குக் காலம் குறுகிவருகிறது. ஸ்கூடாய் வட்டாரத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. இடம்பெயர்ந்த குடும்பங்களின் பழைய சிறுவர் இதழ்களும் பாடநூல்களும் அழியுமுன் அவற்றைத் திரட்டி, ஓவியர்தம் பெயர்களைப் பட்டியலிடுதல் தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் பல்கலைக்கழக மாணவரும் இணைந்து செய்யத்தக்க பணியாகும். நூற்பட்டியலில் நூலாசிரியர் பெயருக்கு அடுத்து ஓவியர் பெயரையும் தவறாது பதிதல் அதன் முதற்படி.

சிவசங்கரன் 2020 செப்டம்பர் 29ஆம் நாள் தம் 96ஆம் அகவையில் மறைந்தார். மறைவுக்குப்பின், 2021இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் குழந்தைகளின் கண்முன் நின்ற ஓவியருக்கு அச்சிறப்பு வாழுங்காலத்தில் வாய்க்கவில்லை. நம் மண்ணில் சிறுவர்க்காக வரைவோரையேனும் அவர்தம் வாழ்நாளிலேயே அறிந்து போற்றுவோமாக.