கீமோ பம்ப் வீட்டுக்கு வந்த வரலாறு

இடுப்புப் பையில் சுமந்து செல்லும் கீமோதெரபி பம்பின் வரலாறு, ஒரு மருந்தின் குறையிலிருந்து தொடங்குகிறது. 1957-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹைடல்பெர்கரும் குழுவினரும் அறிமுகப்படுத்திய ஃப்ளூரோயுராசில், பெருகிக்கொண்டிருக்கும் புற்றணுக்களையே பெரிதும் தாக்குவது; ஆனால் ஊசியில் செலுத்தினால் ஏறத்தாழ 10 முதல் 20 நிமிடங்களில் இரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடுவது. அதனால் அதைச் சிறுகச் சிறுக, நாள்கணக்கில் ஏற்றிப் பார்க்க மருத்துவர்கள் முனைந்தபோது, நோயாளி டிரிப்ஸ் கம்பியோடு கட்டிலில் கட்டுண்டு கிடக்க நேர்ந்தது.

அந்தக் கட்டை அவிழ்க்க முதலில் முன்வந்தது கடிகாரம். பாஸ்டன் நகரின் லேஹி கிளினிக்கைச் சேர்ந்த எல்டன் வாட்கின்ஸ் 1963-இல் விவரித்த 'க்ரோனோமெட்ரிக் இன்ஃப்யூசர்', அதாவது நேரத்தை அளந்து மருந்து ஏற்றும் கருவி, கடிகாரத்தைப் போலவே சுருள்வில்லின் விசையால் இயங்கியது. டீன் கேமன் 1976-இல் தொடங்கிய ஆட்டோசிரிஞ்ச் நிறுவனத்தின் பம்ப் பேட்டரியால் இயங்கியது. அதற்கான தூண்டுதல் மருத்துவம் பயின்ற அவருடைய அண்ணனிடமிருந்து வந்தது.

எனினும், வீட்டுக்கு மிகவும் பொருந்திய கருவி 1980-களில் பரவிய பலூன் பம்ப்தான் என்று சொல்லலாம். பால் புட்டி அளவுள்ள பிளாஸ்டிக் கூட்டுக்குள் மருந்து நிரம்பி உப்பிய ரப்பர் பலூன் சுருங்கச் சுருங்க, மருந்து மெல்லிய குழாய் வழியே வெளியேறுகிறது. குழாயின் முனையிலுள்ள மயிரிழைத் துளை அதன் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. குளிரில் மருந்து கெட்டிப்பட்டு மெதுவாகவும், சூட்டில் இளகி விரைவாகவும் ஓடும் என்பதால், அந்த முனை உடம்புச் சூட்டில் இருக்கும்படி தோலோடு ஒட்டப்படுகிறது. பேட்டரியும் இல்லை, நள்ளிரவில் எழுப்பும் அலாரமும் இல்லை. இதே காலத்தில் மார்புத் தோலுக்கு அடியில் பதிக்கும் 'போர்ட்' எனும் சிறு அறையும் வந்து சேர்ந்ததால், கையில் ஊசி நழுவும் தொல்லை குறைந்தது.

பாரிஸ் மருத்துவர் எமெரி தெ கிராமோன் குழுவினர் பெருங்குடல் புற்றுநோய்க்கு ஃப்ளூரோயுராசில் ஏற்ற வகுத்த முறை 1990-களின் இறுதியில் எளிமையாக்கப்பட்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 46 மணி நேரம் என்று அமைந்தது. செவ்வாய் நண்பகலில் பம்பை மாட்டிக்கொண்டு வீடு திரும்புபவர், வியாழன் காலை பத்து மணிக்கு அதைக் கழற்றிக்கொள்ளலாம்.

நோயாளி படுக்கையிலிருந்து விடுதலையானபோது, கண்காணிக்கும் பொறுப்பும் செவிலியரிடமிருந்து வீட்டாரின் கைக்கு நகர்ந்தது. 2006-இல் கனடாவில், நாளொன்றுக்கு 28.8 மில்லிலிட்டர் என்ற அளவு மணிக்கு 28.8 என்று மின்னணு பம்பில் பதிவானதால், 4 நாள் மருந்து 4 மணி நேரத்தில் ஏறி ஒரு நோயாளி உயிரிழந்தார். இத்தகைய மிகையளவுக்கான மாற்று மருந்தாகிய யூரிடின் ட்ரைஅசிடேட்டுக்கு 2015-இல்தான் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அதையும் மருந்து ஏறி முடிந்த 96 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். ஆதலால், குறித்த நேரத்துக்கு வெகு முன்பே பம்ப் காலியாகியிருந்தால், சீக்கிரம் முடிந்ததே என்று ஆறுதல் கொள்ளாமல், அக்கணமே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும்.