ஒரு துப்பாக்கிக்குள் 23 குண்டுகள்

இன்னைக்கு ஒரே ஒரு கணக்கெடுப்பைப் பத்திதான் பேசப் போறோம்.

1863 ஜூலை 1 முதல் 3 வரைக்கும், அமெரிக்க உள்நாட்டுப் போர்ல, பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் என்கிற சின்ன ஊர்ல பெரிய சண்டை நடந்தது. முடிஞ்சதும் வடக்குப் படை களத்துல கிடந்த துப்பாக்கிகளைப் பொறுக்கி வாஷிங்டன் ஆயுதக் கிடங்குக்கு அனுப்பியது. மொத்தம் 27,574. அதில் ஏறக்குறைய 24,000 துப்பாக்கிகள் சுடப்படாமல் குண்டோடவே இருந்தன. அந்த 24,000-ல பாதிக்குள்ள ரெண்டு ரெண்டு லோடு. கால்வாசியில மூணுல இருந்து பத்து வரைக்கும். மீதிக் கால்வாசியில மட்டும்தான் ஒழுங்கா ஒண்ணே ஒண்ணு. ஒரு ஸ்பிரிங்ஃபீல்ட் துப்பாக்கியில 23 லோடு, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி.

இதை நீங்க ஏற்கெனவே வேற எங்கயாவது கேட்டிருக்கலாம். "மனுஷனுக்கு இன்னொரு மனுஷனைக் கொல்ல மனசு வராது, அதனால சுடுற மாதிரி நடிச்சு திரும்பத் திரும்ப லோடு பண்ணிட்டே இருந்தாங்க" என்பார்கள். 1947-ல எஸ்.எல்.ஏ. மார்ஷல், இரண்டாம் உலகப்போரில் நாலுல ஒருத்தர்கூட எதிரியைப் பார்த்துச் சுடலைன்னு எழுதினார். 1995-ல டேவ் கிராஸ்மன் தன்னுடைய புத்தகத்தில் அந்த வாதத்துக்குத் துணையா இந்த கெட்டிஸ்பர்க் கணக்கைக் கொண்டுவந்தார். அங்கிருந்துதான் இது பரவியது. நானும் ரொம்ப நாள் இதை நம்பி, ரெண்டு மூணு பேருக்குச் சொல்லியும் இருக்கேன். குழலுக்குள்ள மாட்டின குண்டை எப்படி வெளியே எடுப்பாங்கன்னு படிச்ச பிறகுதான் சந்தேகம் வந்தது.

நம்ம ஊர் நாட்டுத் துப்பாக்கி மாதிரி, இதுவும் வாய் வழியா அடைக்கிற துப்பாக்கிதான். காகிதப் பொட்டலத்தைப் பல்லால கிழிச்சு, கருமருந்தைக் குழல்ல கொட்டி, மேலே ஈயக் குண்டைப் போட்டு, கம்பியால கீழ வரை தள்ளணும். பின்னாடி ஒரு சின்ன முளை இருக்கும், நடுவுல ஓட்டையோட. அதுமேல கேப் வைக்கணும். தீபாவளிப் பொட்டு வெடியைச் செம்புத் தொப்பிக்குள்ள வெச்ச மாதிரி நினைச்சுக்கோங்க. சுத்தியல் கேப்பை அடிச்சா பொறி ஓட்டை வழியா உள்ளே போய் மருந்தைப் பத்த வைக்கும். பயிற்சி பெற்றவர் நிமிஷத்துக்கு மூணு முறை சுடலாம்.

சிக்கல் கருமருந்துல இருக்கு. எரிஞ்சா அதோட எடையில பாதிக்கு மேல கசடாத் தங்கிடும். பத்து இருபது தடவை சுட்டா குழல் உள்ளே குறுகிப் போகும், குண்டு இறங்காது. சிப்பாய்கள் கம்பியைப் பாறை மேல, மரத்து மேல வெச்சு மோதித் தள்ளியிருக்காங்க. (1857-ல நம்ம நாட்டுச் சிப்பாய்கள் பல்லால கடிக்க மறுத்தது இந்த வகை என்ஃபீல்ட் தோட்டாவைத்தான். அந்தக் கொழுப்பு தடவினதே குண்டு வழுக்கிக்கிட்டு இறங்கத்தான்.) அதே கசடு முளையின் ஓட்டையையும் அடைக்கும். கேப் வெடிக்கும், உள்ளே மருந்து பத்தாது. சில பேர் அவசரத்துல பொட்டலத்தைக் கிழிக்காமலே உள்ளே தள்ளியிருக்காங்க. கேப் வைக்க மறந்தவங்களும் இருந்திருப்பாங்க.

இப்ப அந்த ஆளோட இடத்துல நில்லுங்க. ரெண்டு பக்கமும் தோள் உரசி ஆட்கள், எல்லாரும் ஒண்ணா சுடுறாங்க, புகையில முன்னாடி எதுவும் தெரியலை. உங்க துப்பாக்கி வெடிச்சதா இல்லையான்னு தோளில் உதைக்கிற உதைப்புதான் சொல்லணும். அந்தச் சத்தத்துல அதுவும் தெரியலைன்னா, கை தானாவே அடுத்த பொட்டலத்தை எடுக்கும். மென்பொருள் ஆளா சொல்றேன், இது ஒரு ஸ்டாக். கடைசியா போனதுதான் முதல்ல வெளிய வரணும். அடியில இருக்கிறது மாட்டினா மேல அடுக்கினது எல்லாம் மாட்டினதுதான்.

சரி, மாட்டிடுச்சுன்னு தெரிஞ்சுதுன்னே வெச்சுப்போம். எடுக்க ஒரு திருகாணி உண்டு. அதைக் கம்பியோட நுனியில மாட்டி, ஈயத்துக்குள்ள திருகி, பாட்டில் கார்க்கை உருவுற மாதிரி இழுக்கணும். அமெரிக்க ராணுவத்துல அது பத்து துப்பாக்கிக்கு ஒண்ணுதான் கொடுத்தாங்க. மருந்து இருக்கிற குழலுக்கு முன்னாடி நின்னு இழுக்கிறது ஆபத்து, அதனால முதல்ல முளையைக் கழட்டி அங்கிருந்து தண்ணி விட்டு மருந்தை நனைக்கணும். ரெண்டு லோடு இருந்தா, நடுவுல மாட்டின மருந்துக்கு அந்தத் தண்ணி போய்ச் சேராது. இழுக்கும்போது ஈயம் விரிஞ்சு இன்னும் இறுகவும் செய்யலாம்.

இன்னொரு வழி: முளை இருக்கிற துளை வழியா கொஞ்சம் புது மருந்தைத் தூவி, கேப் வெச்சு, சுட்டே வெளியேத்துறது. குண்டு அடிவரைக்கும் இறங்கியிருந்தா வேலை செய்யும். நடுவழியில நின்னிருந்தா குழலே உப்பிடும், இல்லைன்னா வெடிச்சிடும். இதெல்லாம் நடக்கலைன்னா பட்டறைக்குக் கொண்டுபோய் குழலோட பின்பக்க அடைப்பைத் திருகிக் கழட்டணும். எதிரி நூறு கெஜத்துல வர்றப்ப இதுல எதைச் செய்வீங்க? கீழே போட்டுட்டு, பக்கத்துல விழுந்து கிடக்கிறவரோட துப்பாக்கியை எடுப்பீங்க.

இதனாலதான் அந்தக் கணக்கையே வேற மாதிரி படிக்கணும்னு தோணுது. கிடங்குக்கு வந்தது சண்டை போட்ட எல்லாத் துப்பாக்கியும் கிடையாது, களத்துல கிடந்தவை. செத்தவங்க, காயம்பட்டவங்க கையிலிருந்து விழுந்ததோட, மாட்டிக்கிட்டதால தூக்கிப் போட்டதும் அதுல சேரும். மெக்கானிக் ஷெட்டுல நிக்கிற வண்டிகளை எண்ணிட்டு ஊர்ல இருக்கிற பைக் எல்லாமே பழுதுன்னு சொன்னா எப்படி?

ஆனா அந்த 23? அதுக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். குழல் நீளம் 40 அங்குலம், கிட்டத்தட்ட 102 செ.மீ. உள் விட்டம் 0.58 அங்குலம். குண்டு சுமார் 32 கிராம் ஈயம், மருந்து 4 கிராம். காகிதத்தை விட்டுட்டு, இடைவெளியே இல்லாம அடைச்சாலும் ஒரு லோடுக்கு 4 செ.மீ. வரும். 23 லோடு 92 செ.மீ. ரெண்டாவது லோடு போடும்போது கம்பி நாலு செ.மீ. கூடுதலா நீட்டும், புகைக்குள்ள அது கண்ணுல படாமப் போகலாம். கடைசி லோடுல கம்பி கிட்டத்தட்ட முழுக்க வெளியதான் நிக்கும். அதைக் கவனிக்காம இருக்க முடியாது. அந்த ஒரு ஆள் பயத்துல உறைஞ்சு கை மட்டும் வேலை செஞ்சாரா, சுட மனசில்லாம நடிச்சாரா? அவர் விஷயத்துல கிராஸ்மன் சொன்னது சரியா இருக்கலாம். அவரை வெச்சு மீதி 12,000 ரெண்டு-லோடு துப்பாக்கிகளுக்கும் தீர்ப்பு எழுதுறதைத்தான் என்னால ஏத்துக்க முடியலை.

இன்னொண்ணையும் சேர்த்துக்கணும். இந்த எண்களை 1865-ல வெளியே கொண்டுவந்த மேஜர் லெய்ட்லி ஆயுதத் துறை அதிகாரி. பின்பக்கமா குண்டு போடுற துப்பாக்கி வேணும்னு வாதாடத்தான் இதை எடுத்துக் காட்டினார். அவருக்கு இது துப்பாக்கியோட குறை, மனுஷ மனசைப் பத்தின கேள்வியே இல்லை. போர் முடிஞ்சதும் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையில எர்ஸ்கின் ஆலின் பழைய துப்பாக்கிகளின் பின்பக்கத்தை வெட்டி, கீல் வெச்ச மூடி போட்டுக் கொடுத்தார். மூடியைத் திறந்தா உள்ளே குண்டு இருக்கா இல்லையான்னு கண்ணாலயே பார்த்துக்கலாம்.

அந்தக் காலத்துப் பழைய துப்பாக்கிகள் இன்னைக்கும் அமெரிக்க வீட்டுப் பரண்கள்ல லோடோட கிடைக்குது. சேகரிக்கிறவங்க முதல்ல செய்யறது ஒரு குச்சியைக் குழலுக்குள்ள விட்டு, வாய்கிட்ட அடையாளம் போட்டு, வெளியே எடுத்து குழல் மேல வெச்சுப் பார்க்கிறது. குச்சியோட நுனி முளை வரைக்கும் எட்டலைன்னா, உள்ளே என்னமோ இன்னும் இருக்கு.