குப்பைமேட்டின் கறுப்பு நீர்

குப்பையைக் கொட்டி மண்ணைப் போட்டு மூடிவிட்டால் தீர்ந்தது என்றுதான் உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. ஆனால் மழை விடுவதில்லை. மேட்டுக்குள் இறங்கும் நீர், அழுகிய உணவையும் பழைய பேட்டரியையும் சாயத்தையும் கழுவிக்கொண்டு அடியில் வந்து சேர்கிறது. கறுப்பு நிறம், அம்மோனியா நெடி. இதைத்தான் கசிவுநீர் என்கிறார்கள்.

இந்த நீரை வடிகட்ட இன்று பயன்படும் சவ்வு, குப்பைக்காகப் பிறந்ததல்ல; கடல்நீரைக் குடிநீராக்கப் பிறந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில், 1950களின் இறுதியில், சிட்னி லோப் என்பவரும் இந்தியாவிலிருந்து சென்ற ஸ்ரீநிவாச சௌரிராஜனும் அதை உருவாக்கினார்கள். (சௌரிராஜன் என்ற பெயரைக் கேட்டதும் நம் வாசகர்கள் நிமிர்ந்து உட்காரக்கூடும்!) ஒரு பக்கம் மிக மெல்லிய அடர்ந்த தோல், மறுபக்கம் பஞ்சு போன்ற தாங்கி. அழுத்தம் கொடுத்தால் நீர் ஊடுருவும், உப்பு தங்கிவிடும். 1965இல் கோலிங்கா என்ற சிற்றூரில் முதல் நிலையம் இயங்கியது. ஒரு காலத்தில் குடிநீரை ரயிலில் வரவழைத்த ஊர் அது.

குப்பைமேட்டுக்குச் சவ்வைக் கொண்டுபோனதில் ஜெர்மனி முன்னோடி. வட ஜெர்மனியில் லூபெக் நகருக்கு அருகில் உள்ள ஷோன்பெர்க் மேடு 1979இல் கிழக்கு ஜெர்மனி திறந்தது. அந்நியச் செலாவணிக்காக மேற்கு ஜெர்மனியின் குப்பையை அங்கே வாங்கிக் கொட்டினார்கள். நாடுகள் இணைந்தன, குப்பை மட்டும் அங்கேயே இருந்தது. 1990களின் தொடக்கத்தில் அந்த மேட்டின் கசிவுநீர் இரண்டு கட்டச் சவ்வு வழியே செலுத்தப்பட்டது. சாதாரணச் சுருள் சவ்வு இந்த நீரில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஆகவே வட்டத் தட்டுகளுக்கு இடையே சவ்வை அடுக்கி, நீர் தாராளமாக ஓட இடம் விட்டார்கள். அம்மோனியா நழுவிவிடாமல் இருக்க முன்கூட்டியே நீரில் அமிலம் சேர்ப்பதும் வழக்கமானது.

இனிதான் சிக்கல். சவ்வு எதையும் அழிப்பதில்லை, பிரிக்கிறது. 100 லிட்டர் கசிவுநீரில் ஏறக்குறைய 75 முதல் 80 லிட்டர் தெளிந்து வரும். எஞ்சிய 20, 25 லிட்டரில் அத்தனை நஞ்சும் செறிந்து நிற்கும். ஜெர்மனியில் பல இடங்களில் அதைத் திரும்பவும் மேட்டின் மீதே விட்டார்கள். வந்த வழியே போன உப்பு மறுபடி கசிந்து வந்தது!

சீனாவில் 2008இல் கடுமையான வெளியேற்றத் தரம் நடைமுறைக்கு வந்தது. குப்பைமேடுகள் அவசர அவசரமாகச் சவ்வுக்கு மாறின. வெளியே போன நீர் தரத்தை எட்டியது. செறிந்த கழிவோ பல இடங்களில் மேட்டுக்கே திரும்பியது. அதைக் கொதிக்க வைத்து ஆவியாக்கலாம்தான். அதற்கு எரிபொருள் செலவு எக்கச்சக்கம்.

சிங்கப்பூர் லோரோங் ஹாலுஸில் வேறு வழியை நாடியது. 1999 மார்ச் 31இல் மூடப்பட்ட அந்தக் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில், 2011இல் சிராங்கூன் நீர்த்தேக்கம் உருவானது. இரண்டுக்கும் இடையே நிலத்தடியில் தடுப்புச்சுவர் எழுப்பி, மேட்டு நீரை நாணல் பாத்திகளுக்குத் திருப்பினார்கள். அங்கே வேரில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்கின்றன. சவ்வைவிட மெதுவான வேலை, இடமும் அதிகம் பிடிக்கும்.