பிணியும் பழியும்



ஒரு நோயின் பெயரிலிருந்து என் பேச்சைத் தொடங்குகிறேன். சிஃபிலிஸ் என்னும் பால்வினை நோயை ஜெர்மானியர் ‘பிரெஞ்சு நோய்’ என்றனர். பிரெஞ்சுக்காரரோ ‘நேப்பிள்ஸ் நோய்’ என்றனர். நம் நாட்டார் அதைப் ‘பரங்கிப் புண்’ என்று அழைத்தனர். பிணி தம்முடையதாயினும் பழி பிறருடையதாக வேண்டும் என்பதே மனித இயல்பு போலும்!

இந்நோயின் கிருமியை 1905-இல் ஷௌடின், ஹோஃப்மன் என்னும் இருவர் பெர்லினில் கண்டறிந்தனர். மறு ஆண்டே வாசர்மன் இரத்தச் சோதனையை வகுத்தார். 1910-இல் எர்லிக்கின் சால்வர்சான் என்னும் மருந்து வழக்கிற்கு வந்தது. இத்துணை அறிவு பிறந்த அதே நாட்டில், இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அந்நோய் மீண்டும் பெருகியது. இடிந்த வீடுகள், பசி, சிதறிய குடும்பங்கள் ஆகியவை அதற்கு வழி திறந்தன. பெனிசிலினோ எளிதிற் கிட்டாத பொருளாயிருந்தது.

அந்நிலையில், 1948-இல் பெர்லினில் ஒரு திரைப்படம் வெளிவந்தது. அதன் பெயரைத் ‘தெருவோர அறிமுகம்’ எனத் தமிழாக்கலாம். சோவியத் ஆட்சிப் பகுதியிலிருந்த தேஃபா நிறுவனம் தயாரித்த அப்படத்தை பீட்டர் பேவாஸ் இயக்கினார். சலவை நிலையத்தில் உழைத்துச் சலித்த எரிக்கா என்னும் இளம்பெண், வயிறார உண்ணவும் சிறிது களிக்கவும் விரும்புகிறாள். அந்த நாட்டம் அவளை நோயில் தள்ளுகிறது. நோயை மறைக்காதீர், மருத்துவரிடம் செல்லுங்கள் என்பதே படத்தின் அறிவுரை. வாய்விட்டுப் பேச அஞ்சிய ஒன்றை வெண்திரையில் பேசியது துணிவன்றோ?

எனினும், அப்படம் பேசாது விட்டதையும் நான் எண்ணிப் பார்க்கிறேன். 1945-இல் பெர்லினுள் நுழைந்த சோவியத் படைவீரர் பலர் எண்ணற்ற பெண்களை வன்கொடுமைக்கு உள்ளாக்கினர். நோய் அவ்வழியாகவும் பரவியது. அப்படைகளின் ஆட்சியில் எடுக்கப்பட்ட படம் அதைச் சொல்லவில்லை. அந்நாளில் நோயைத் தடுப்பதாகச் சொல்லிக் காவலர் தெருக்களில் பெண்களைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினர். பழி மீண்டும் எளியவர் தலையிலேயே விழுந்தது.

பழிக்கு அஞ்சுவோர் நோயை மறைப்பர். மறைத்த நோய் பரவும். ஆகவே, ஒரு கொள்ளைநோயின் வரலாற்றை நீங்கள் படிக்கும்போது, மருந்தைக் கண்டவர் யார் என்பதோடு நில்லாதீர்கள். பழியைச் சுமந்தவர் யார் என்றும் கேளுங்கள்.