வலியைச் சொல்ல ஒரு மொழி



கத்தி வைத்து வைத்தியம் பார்ப்பது பழங்கலை. வலி தெரியாமல் பார்ப்பதோ அண்மைக் காலத்து வித்தை. 1846 அக்டோபர் 16-ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மார்ட்டன் என்னும் பல் வைத்தியர் ஈதர் ஆவி கொடுத்து நோயாளியை மயங்க வைக்க, கழுத்துக் கட்டியை அகற்றினார்கள். அதற்கு முன்பெல்லாம்? நாலு பேர் கையையும் காலையும் அமுக்கிப் பிடிச்சுக்குவாங்க, வைத்தியர் அறுப்பார். நினைத்தாலே குலை நடுங்குகிறதல்லவா!

மறு ஆண்டு, 1847-இல், டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற இன்னொரு அமெரிக்கர் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் நோயாளிகளைப் பார்த்தார், தமிழைக் கற்றார். 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அறுவை மருத்துவத்தைச் சொல்லும் 'இரண வைத்தியம்' 1867-இல் தமிழில் வெளிவந்தது. புண்ணில் சீழ் பிடிக்காமல் கார்பாலிக் அமிலம் காக்கும் என்று ஜோசப் லிஸ்டர் உலகுக்கு எழுதிய ஆண்டும் அதுவே! 1884-இல் மறைந்த கிறீன், தாம் தமிழருக்குத் தொண்டு செய்த மருத்துவர் என்பதைக் கல்லறையில் பொறிக்கச் சொன்னார். நம் உடம்பை நம் மொழியில் சொல்ல வழி செய்தவர் ஒரு வெள்ளைக்காரர் என்பது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன்? நம் தோட்டத்துப் பெரியவர்கள் அறுவைக்குப் பின் வலியை அடக்குவதே வீரம் என்று எண்ணுகிறார்கள். பல்லைக் கடிச்சுக்கிட்டு, "பரவாயில்லீங்க மிஸ்ஸி" என்பார்கள். வலியிருந்தால் ஆழ்ந்து மூச்சுவிட முடியாது. இருமிச் சளியைத் துப்ப முடியாது. சளி நெஞ்சில் தங்கி நிமோனியா வரலாம். அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் உறையலாம். அந்தக் காலத்தில் வாரக்கணக்கில் படுக்க வைத்தார்கள். இன்றோ வலிக்கு மருந்து கொடுத்து, முடிந்தவர்களை மறுநாளே நடக்கச் சொல்கிறார்கள்.

2008-இல் நம் சுகாதார அமைச்சு நாடி, இரத்த அழுத்தம், சூடு, மூச்சு ஆகியவற்றோடு வலியையும் ஐந்தாவது உயிர்க்குறியாகச் சேர்த்தது. நம் கெப்பாலா பத்தாஸ் ஆஸ்பத்திரியானாலும் பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியானாலும் வலியை எண்ணால் கேட்பது வழக்கம். மிஸ்ஸி மலாயில் கேட்க, பாட்டி புரியாமல் தலையாட்ட, தாளில் சுழி விழுந்தால் மருந்து எப்படி வரும்?

மாணவமணிகளே! 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாத வலி. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் வீட்டிலேயே பாட்டிக்கு இதைத் தமிழில் சொல்லிக்கொடுங்கள். சும்மா படுத்திருக்கும்போது எத்தனை, இருமும்போது எத்தனை என்று இரண்டையும் கேட்டு மிஸ்ஸியிடம் சொல்லுங்கள்.